எழுதியவர்: நவநீதன்

செப்டம்பர் 4, திங்கள்

லேப்பில் இன்றும் ஒரு மவுஸ் காணவில்லை. செமஸ்டர் தொடங்கியதிலிருந்து இது பதினொன்றாவது. பொறியியல் படிக்கிற பையன் மவுஸை வீட்டுக்குக் கொண்டுபோய் என்னதான் செய்வான்? பதின்மூன்று வருடமாக லேப் பொறுப்பாளராக இருந்தும் எனக்கு இது மட்டும் விளங்கவில்லை.

மாலையில் நல்ல செய்தி. டிசம்பரில் புதுச்சேரியில் நடக்கும் கட்டற்ற மென்பொருள் கூடுகையில் இந்த வருட விருது ‘வழித்துணை’க்கு. கணினித் திரையில் இருக்கும் தமிழைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லும் மென்பொருள் அது. ஏழு வருட வேலை. கடிதத்தில் ‘வழித்துணையை உருவாக்கிய திரு. நவநீதன் அவர்களுக்கு’ என்று போட்டிருந்தது. நான்கு முறை படித்தேன். எங்கள் உலகத்தில் யாரும் யாருக்கும் சம்பளம் தருவதில்லை. எழுதிய நிரலை ஊருக்கே கொடுத்துவிடுகிறோம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம். பதிலுக்குக் கிடைப்பது பெயர் மட்டும்தான். அதற்கு ஆசைப்படுவதில் என்ன தப்பு?

பூங்கோதையிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். உடனே, “அண்ணாச்சிகிட்டச் சொல்லீட்டீங்களா?” என்று கேட்டாள். அண்ணாச்சி என்றால் இருதயராஜ். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவருக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. வழித்துணைக்கு நிறைய உதவி செய்தவர். சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 9, சனி

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சேறு. அண்ணாச்சிக்கு இன்னும் பேசவில்லை. அவருக்கு இது காலாண்டுத் தேர்வு நேரம்.

செப்டம்பர் 20, புதன்

பெங்களூரில் ஓர் அறக்கட்டளையிலிருந்து மெயில். மாற்றுத்திறனாளி நிரலாளர் ஒருவருக்கு இரண்டு வருடம் உதவித்தொகை தருகிறார்களாம், வேறு வேலை பார்க்காமல் இதையே செய்வதற்கு. இருதயராஜ் விண்ணப்பித்திருக்கிறார். என்னிடம் சொல்லவே இல்லை.

கணக்குச் சமன்பாடுகளைத் தமிழில் வாசிக்கும்படி வழித்துணையை வளர்ப்பது அவருடைய திட்டம். வாசித்துக் காட்ட ஆளில்லாமல் அவருடைய பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு மேல் கணக்கையே விட்டுவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். இதை என்னிடமும் பலமுறை சொல்லியிருக்கிறார்.

விஷயம் அதுவல்ல. வழித்துணையில் பாதிக்கு மேல் தான் எழுதியது என்று விண்ணப்பத்தில் சொல்லியிருக்கிறார். அறக்கட்டளைக்காரர்கள் மாற்றப் பதிவைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். நிரலில் ஒவ்வொரு முறை கை வைக்கும்போதும் தேதி, ஒரு குறிப்பு, எழுதியவர் பெயர் மூன்றும் அதில் பதிவாகும். முந்நூற்று எண்பத்து மூன்று பதிவுகள். ஒன்றில்கூட இருதயராஜ் பெயர் இல்லை. எல்லாவற்றிலும் எழுதியவர்: நவநீதன். ‘பராமரிப்பாளர் என்ற முறையில் தாங்கள் விளக்க வேண்டும்’ என்று கேட்டிருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் உண்டு, எழுதி வைக்கிறேன். 2016இல் நாங்கள் நிரலை வைத்திருந்த தளம் பார்வையற்றவர்கள் பயன்படுத்த லாயக்கில்லாமல் இருந்தது. ஆங்கிலத்தை வாசிக்கும் மென்பொருளைக் காதில் கேட்டபடியே அண்ணாச்சி நிரல் எழுதிவிடுவார், ஆனால் அதைத் தளத்தில் ஏற்ற முடியாது. அதனால் மெயிலில் அனுப்புவார், நான் ஏற்றுவேன். யார் ஏற்றுகிறாரோ அவர் பெயரையே எழுதியவர் என்று கணினி போட்டுக்கொள்ளும். வேறு பெயர் வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். அது எனக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

செப்டம்பர் 23, சனி

பதில் அனுப்பிவிட்டேன். நான்கு முறை எழுதி அழித்தேன். கடைசியில் போனது இது: ‘திரு. இருதயராஜ் எங்கள் மதிப்புமிக்க பயனர். தொடக்கம் முதலே சோதனைகளிலும் ஆலோசனைகளிலும் பெரும் பங்காற்றியவர். அவருடைய விண்ணப்பத்தை மனமார ஆதரிக்கிறேன்.’

ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. விருது டிசம்பரில். அது முடியட்டும், பதிவை நிதானமாகச் சரிசெய்யலாம். இப்போது கிளறினால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

மிக்ஸி ஜார் அடியில் ஒழுகுகிறது. வாஷர் வாங்க வேண்டும்.

அக்டோபர் 6, வெள்ளி

அண்ணாச்சி இரண்டு முறை அழைத்தார். லேப்பில் இருந்ததால் எடுக்க முடியவில்லை.

லேப்பில் இல்லை. வண்டியை சர்வீஸுக்கு விட்டுவிட்டுக் கடை பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் டைரியில் நானே எதற்குப் புளுகுகிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 14, சனி

அவருக்குக் கிடைக்கவில்லை. ‘தங்கள் விளக்கம் எங்கள் முடிவுக்குப் பெரிதும் உதவியது’ என்று அறக்கட்டளை எனக்கு நன்றி சொல்லியிருக்கிறது. அந்த வரியை இரண்டு முறை படித்தேன். மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

மாலையில் இன்னொன்று. வழித்துணை மொத்தத்தையும் பிரதி எடுத்துத் தனியாக வேறொரு தளத்தில் போட்டிருக்கிறார் இருதயராஜ். இனிமேல் அங்கேதான் வளர்க்கப் போகிறாராம். அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு, கட்டற்ற மென்பொருள் என்பதே அதற்குத்தான். ஆனால் அதற்கும் வழித்துணை என்றே பெயர் வைத்திருக்கிறார். அது எப்படி? ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு கடையா?

மதியம் மூடி வைத்த சாப்பாட்டை எடுத்துச் சாப்பிட்டேன். கோபம் வந்ததும் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது!

அக்டோபர் 16, திங்கள்

மின்னஞ்சல் குழுவில் எழுதினேன். இருநூறு பேருக்கு மேல் இருக்கும் குழு. ‘நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம். பெயரை எடுத்துக்கொள்வது நம் வழக்கமல்ல. பயனர்கள் குழம்புவார்கள். அன்புகூர்ந்து திரு. இருதயராஜ் தம் பிரதிக்கு வேறு பெயர் சூட்ட வேண்டும்.’ என்ன ஒரு பெருந்தன்மையான நடை! மதியத்துக்குள் பதினான்கு பேர் எனக்கு ஆதரவாக எழுதிவிட்டார்கள். ஒருவர் பெயர்த் திருட்டு என்றே சொல்லிவிட்டார்.

நாலரை மணிக்கு இருதயராஜ் பதில் போட்டார். இரண்டே வரி. ‘அந்தப் பெயரை வைத்தது யார் என்று நவநீதன் தம்பி சொல்லட்டும். அவர் என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்.’

நான் பதில் போடவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

பெயரை யார் முதலில் சொன்னார்கள் என்பது உண்மையிலேயே நினைவில்லை. ஏழு வருடத்துக்கு முந்தைய பேச்சு. உடுமலை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். மழை. போனில் அவர்தான். நான் ‘தமிழ் வாசிப்பான்’ என்று வைக்கலாமா என்றேன். உரம் பேர் மாதிரி இருக்கு தம்பி என்று சிரித்தார். புது இடத்துக்குப் போகும்போது யாராவது கூட நடந்து வந்தால் போதும், கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், கூட வந்தால் போதும், அதனால் வழித்துணை என்று வையுங்கள் என்றார்.

நினைவில்லை என்று எழுதிவிட்டு மழை வரைக்கும் எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 23, திங்கள்

லேப்பில் ஆயுத பூஜை. அறுபது கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. சுண்டல் நன்றாக இருந்தது.

பெயர்ச் சண்டையைத் தீர்க்கும் பொறுப்பை மெஹருன்னிசா எடுத்துக்கொண்டிருக்கிறார். மின்னஞ்சல் குழுவை நடத்துபவர் அவர்தான், விருதுக் குழுவிலும் இருக்கிறார். மாற்றப் பதிவு முழுவதையும் படித்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று எழுதியிருக்கிறார். தாராளமாகப் படிக்கட்டும். அதில் என் பெயரைத் தவிர வேறு பெயர் கிடையாது.

அக்டோபர் 27, வெள்ளி

மெஹருன்னிசா அழைத்தார். பிராக்டிகல் நடந்துகொண்டிருந்தது. வராந்தாவுக்கு வந்து பேசினேன்.

பதிவுகளோடு இருக்கும் குறிப்புகளையெல்லாம் படித்தீர்களா என்று கேட்டார். நான் எழுதியதை நான் படிக்காமலா என்றேன். சரி, கேளுங்கள் என்று வாசிக்க ஆரம்பித்தார். 2017 மார்ச் பதிவு: ‘எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் மூன்று வேகத்திலும் கேட்டுப் பார்த்தார்கள், சரியாக இருக்கிறது.’ 2018 ஆகஸ்ட்: ‘நேற்று விடுதியில் மின்சாரம் இல்லாததால் அனுப்பத் தாமதம், மன்னிக்கவும்.’ 2020 ஜனவரி: ‘பிறவியிலேயே பார்வை இல்லாத எனக்கு அட்டவணை என்றால் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஆகவே வரிசை எண்ணையும் சேர்த்துச் சொல்லும்படி செய்திருக்கிறேன்.’

ஒவ்வொன்றின் கீழும் எழுதியவர்: நவநீதன்.

அண்ணாச்சி மெயிலின் தொடக்கத்தில் எழுதி அனுப்பும் விளக்கத்தை அப்படியே எடுத்துப் பதிவின் குறிப்பாக ஒட்டிவிடுவது என் வழக்கம். படித்துப் பார்க்கக்கூடச் சோம்பல். ஏழு வருடம் ஒட்டியிருக்கிறேன்.

மெஹருன்னிசா வாசித்து முடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “நவநீதன், உங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னு எனக்குத் தெரியாதே.”

வராந்தாவில் பையன்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவன் வணக்கம் சொன்னான். காதெல்லாம் சுட்டது. நான் ஏதோ உளறினேன், கட்டளை, தளம், 2016 என்று. அவர் இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டார். “தீபாவளி வரைக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிருங்க” என்று வைத்துவிட்டார்.

உள்ளே போய் மீதிப் பேருக்கு மதிப்பெண் போட்டேன். யாருக்கு என்ன போட்டேனோ தெரியாது.

அக்டோபர் 29, ஞாயிறு

பூங்கோதை கோயிலுக்குப் போயிருக்கிறாள். மறைத்து எழுதி அலுத்துவிட்டது.

அந்தக் கட்டளை எனக்குத் தெரியாது என்று செப்டம்பரில் எழுதியிருக்கிறேன். தெரியும். 2018 ஜூலையில் எங்கள் கல்லூரியில் இரண்டு நாள் பயிலரங்கு நடத்தினேன். நாற்பது மாணவர்கள். ‘அடுத்தவர் எழுதியதை நீங்கள் ஏற்றும்போது அவர் பெயரைப் போடுங்கள், அதற்கு இதோ கட்டளை’ என்று திரையில் செய்து காட்டினேன். போடாவிட்டால் அது திருட்டு என்று சொன்னேன். பையன்கள் எழுதிக்கொண்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தால் அண்ணாச்சியின் மெயில் இருந்தது. அதைத் திறந்து, என் பெயரிலேயே ஏற்றினேன். கை தடுமாறவில்லை. அதுவரை எல்லாமே என் பெயரில் இருந்தது. திடீரென்று இன்னொரு பெயர் வந்தால், இதற்கு முன்பெல்லாம் யார் எழுதியது என்று கேள்வி வரும். அந்தக் கேள்வி வரக் கூடாது என்று நினைத்தேன். அதன் பிறகு நூற்றுக்கணக்கில் ஏற்றியிருக்கிறேன்.

வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், இல்லை.

நவம்பர் 5, ஞாயிறு

அண்ணாச்சிக்கு அழைத்தேன். ஒரு வாரமாக இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தது. பூங்கோதைதான் போனை எடுத்து என் கையில் வைத்தாள். அவளிடம் எல்லாவற்றையும் நேற்றே சொல்லிவிட்டேன். “பேசுங்க. நான் அந்தப் பக்கம் போயிக்கறனுங்க” என்று துணி மடிக்கப் போய்விட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்தார். நலமா, மழை உண்டா என்று கேட்டார். நான் அறக்கட்டளைக்கு எழுதியதைச் சொன்னேன். தெரியும் என்றார். பயிலரங்கைச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. ம் என்று மட்டும் சொன்னார். இத்தனை நாளாக ஏன் என்னிடம் கேட்கவில்லை அண்ணாச்சி என்றேன். கேட்டிருந்தால் திருந்தியிருப்பேன் என்கிற மாதிரி! கேட்ட பிறகுதான் எவ்வளவு கேவலமான கேள்வி என்று உறைத்தது.

அவர் கோபப்படவில்லை. மொதல்ல நீங்களே போடுவீங்கன்னு நெனச்சேன், பெறவு கேக்கக் கூச்சமாயிட்டு என்றார். அதன் பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அந்தப் பதிவ நான் கண்ணாலயா பாக்கேன் தம்பி? நம்ம வழித்துணைதான் எனக்கு வாசிச்சுச் சொல்லும். நான் எழுதுன ஒவ்வொண்ணுக்கும் கீழ எழுதியவர் நவநீதன், எழுதியவர் நவநீதன்னு. அந்த ‘எழுதியவர்’ங்கிற சொல்லு காதுக்குச் சரியா விழலன்னு ஒரு வாரம் உக்காந்து சரிபண்ணுனது நான்தாம்லா.”

நான் போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் காத்திருந்தார். பிறகு, பிள்ளைகளுக்குக் காப்பி நேரம் ஆயிட்டு, பெறவு பேசுவோம் என்று வைத்தார்.

நவம்பர் 8, புதன்

குழுவுக்கு எழுதிவிட்டேன். நிரலில் பெரும்பகுதி இருதயராஜ் எழுதியது. பெயர் வைத்தது அவர். அறக்கட்டளைக்கு நான் எழுதியது ஏமாற்று. தெரிந்தே செய்தேன். விருது எனக்கு வேண்டாம். என்னுடைய தளத்தை மூடுகிறேன், வழித்துணை இனி இருதயராஜ் வைத்திருப்பதுதான். இந்த முறை பெருந்தன்மையான நடை எதுவும் வாய்க்கவில்லை.

முன்பு ஆதரித்த பதினான்கு பேரில் ஒன்பது பேர் திட்டியிருக்கிறார்கள். பயிலரங்குக்கு வந்த மாணவன் ஒருவன், இப்போது ஓசூரில் வேலையில் இருப்பவன், ‘சார், நீங்களா?’ என்று மட்டும் எழுதியிருக்கிறான்.

அறக்கட்டளைக்கும் எழுதினேன். வருந்துகிறோம், தேர்வு முடிந்துவிட்டது, இந்த உதவித்தொகை மறுபடி எப்போது வரும் என்று சொல்ல இயலாது என்று ஒரு மணி நேரத்தில் பதில். போனது போனதுதான். நான்கு முறை எழுதி அழித்து எழுதிய ஒரு மெயிலில் அவருடைய இரண்டு வருடத்தைக் கொன்றிருக்கிறேன்.

நவம்பர் 12, தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். யாரும் அழைக்கவில்லை. நானும் யாரையும் அழைக்கவில்லை.

நவம்பர் 19, ஞாயிறு

பழைய பதிவுகளில் பெயர் மாற்றும் வேலையில் இருக்கிறேன். வெளியிட்ட பதிவைத் திருத்துவது எங்கள் ஆட்களிடையே பெரிய குற்றம். ஒரு பதிவை மாற்றினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் மாறும், பிரதி வைத்திருக்கும் எல்லாரும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். அவர் பெயரைச் சேர்த்துவிடலாமா என்று தோன்றும்போதெல்லாம் இந்த வழக்கத்தைத்தான் எனக்கு நானே சாக்காகச் சொல்லிக்கொண்டேன்.

இந்த முறை குழு ஒத்துக்கொண்டது. அண்ணாச்சியிடம் கேட்டேன். செஞ்சு மெயில்ல அனுப்புங்க, நான் கேட்டுப் பாத்து ஏத்திக்கிடுதேன் என்றார். முன்பு அவர் அனுப்புவார், நான் ஏற்றுவேன். இப்போது நான் அனுப்புகிறேன்.

பழைய மெயில்களைத் தேடித் தேடி ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறேன். இதுவரை நூற்று நாற்பது. எது அவருடையது, எது என்னுடையது என்று சந்தேகம் வந்தால் அவருக்கே போட்டுவிடுகிறேன். அதில் ஓர் அற்ப ஆறுதல்.

நவம்பர் 26, ஞாயிறு

கேஸ் சிலிண்டர் வந்தது. முடித்து அனுப்பிவிட்டேன். முந்நூற்று எண்பத்து மூன்றில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்று அவருடையது. தொண்ணூற்றிரண்டு நான்.

டிசம்பர் 2, சனி

விருதை இருதயராஜுக்குக் கொடுக்க முடிவாகியிருக்கிறதாம். பள்ளியில் அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது, வர முடியுமா தெரியவில்லை என்று அவர் பதில் போட்டதாக மெஹருன்னிசா எழுதியிருந்தார். சமன்பாடு வாசிக்கும் வேலையைச் சனி ஞாயிறுகளில் தொடங்கிவிட்டாராம்.

காலையில் அண்ணாச்சியிடமிருந்து எனக்கும் ஒரு மெயில் வந்தது. நான் அனுப்பியவை அத்தனையையும் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஏழு வருடத்தில் நான் ஒருமுறைகூட அவருடையதை முழுதாகப் படித்ததில்லை.

‘தம்பி, எல்லாம் கேட்டேன். ஒன்றைத் தவிர எல்லாம் சரி. 2019 ஜூலை 9, ஒரு விசையைத் தட்டினால் பேச்சு உடனே நிற்கும்படி செய்த மாற்றம். அதில் என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அது நான் எழுதியது இல்லை. நான் மூன்று மாதம் முட்டிப் பார்த்தும் வராமல் உங்களிடம் சொன்னேன், நீங்கள்தான் எழுதினீர்கள். அது வந்த அன்றைக்குப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நல்ல நிரல். என் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டுவிட்டேன்.’

தளத்தில் போய்ப் பார்த்தேன். போட்டிருக்கிறார். எழுதியவர்: நவநீதன்.

அந்த நிரலைத் திறந்து முதல் வரியிலிருந்து வாசித்தேன். என் கைதான். சந்தேகமே இல்லை, நான்தான் எழுதியிருக்கிறேன். எனக்குத்தான் அது மறந்துவிட்டிருக்கிறது. அவருடையதையெல்லாம் என்னுடையது என்று சொல்லிச் சொல்லி, எது என்னுடையது என்று எனக்கே தெரியாமல் போயிருக்கிறது. அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

என்ன மெயில் என்று பூங்கோதை கேட்டாள். வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். கைதட்டினார்கள் என்ற இடத்துக்கு மேல் முடியவில்லை. மீதியை அவளே வாங்கி வாசித்தாள்.